முதலிடம் இல்லாத வட்டம்

நம் பழைய மாணவியர் சங்கத்தைப் போலவே நூறு வயதான இன்னொரு சங்கம் ஸ்கொட்லாந்தில் இருக்கிறது. 1923 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் அதைத் தொடக்கியவர்கள் இரண்டு பெண்கள்: ஜோர்டன்ஹில் ஆசிரிய கலாசாலையில் உடற்பயிற்சி கற்பித்த மிஸ் ஜீன் மில்லிகன், பெண் சாரணியர் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த திருமதி இசபெல் ஸ்டுவர்ட். மறைந்துகொண்டிருந்த நாட்டு நடனங்களைத் தேடித் தொகுத்துச் சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். 1951இல் அச்சங்கத்துக்கு 'ரோயல்' என்னும் சிறப்பு கிடைத்தது.

அந்த நடனங்களிற் பல நீண்ட வரிசையில் ஆடப்படுபவை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். இசைக்குழுவுக்கு அண்மையான முனைதான் 'தலை'. பழைய காலத்து மாளிகைகளில் அந்தத் தலையில் யார் நிற்பது என்பது அந்தஸ்துப் பிரச்சினை. முதற் சோடி ஆடி இறங்கி வரும்வரை கால்மாட்டில் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

வட்டத்துக்குத் தலை இல்லை. சங்கத்தின் மூன்றாம் புத்தகத்தில் உள்ள 'டஷிங் வைற் சார்ஜன்ற்' என்ற நடனத்தைப் பாருங்கள். (அதன் மெட்டை அமைத்த ஹென்றி பிஷப் ஓர் ஆங்கிலேயர் என்பதை ஸ்கொட்லாந்தவர்கள் பெரிதுபடுத்துவதில்லை.) மூவர் கைகோத்து நிற்பர், நடுவில் ஆண் என்றால் இரு பக்கமும் பெண்கள், நடுவில் பெண் என்றால் ஆண்கள். இந்த மூவர் வலஞ்சுழியாகப் பார்த்து நின்றால், எதிரே வரும் மூவர் இடஞ்சுழியாகப் பார்த்து நிற்பர். இவர்களுக்கு முதுகு காட்டி அடுத்த அறுவர். இப்படியே மண்டபம் முழுவதும். மேலிருந்து பார்த்தால் வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போலிருக்கும்.

அறுவரும் கைகோத்து இடப்புறம் சுற்றித் திரும்புவர். நடுவில் நிற்பவர் இரு பக்கத்தவரோடும் மாறி மாறி ஆடுவார். பின் மூவரும் எட்டு வடிவில் பின்னி ஓடுவர். கடைசியாக இரு அணிகளும் முன்வந்து, பின்வாங்கி, மறுபடி முன்வந்து ஒன்றையொன்று ஊடறுத்துக் கடந்து போக, எதிரே புதிய மூவர் நிற்பர். நம் கும்மியிலும் தலை இல்லைத்தான்; ஆனால் அங்கே எதிரே வருபவர் இப்படி மாறுவதில்லை.

நான் ஸ்கொட்லாந்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழியில், வைத்தியசாலை விருந்தில் சுவரோரமாக நின்றேன். மூவரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஓரணிக்கு எதிரணி இராது. அன்று அப்படித்தான் ஆகியிருந்தது. விடுதித் தாதி ஒருவரும் துப்புரவுப் பணிசெய்யும் அம்மா ஒருவரும் மறுவார்த்தை கேளாமல் என்னை இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். நான்காம் சுற்றில் எதிரே வந்து நின்றவர், காலையில் நான் பத்தடி பின்னால் நடந்து நோயாளரைப் பார்க்கப் போகும் பெரிய வைத்தியர். வியர்த்துக் கொட்ட, வழி தவறி, எங்கள் துப்புரவு அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

நூற்றாண்டு ஒன்றுகூடலில் நாமும் ஆடிப் பார்க்கலாம். ஆறு ஆறாகச் சேர வேண்டும். ஆண்கள் தேவையில்லை, நடுவில் யார் நிற்பதென்று மட்டும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.