பல்டெக்: குறையே குணமான கதை

இன்று கணினியில் பாட்டைக் கலக்கும் எந்த மென்பொருளை வாங்கினாலும், அதனுடன் ஓர் ஈக்வலைசர் இலவசமாகவே வந்துவிடுகிறது. எந்த அதிர்வெண்ணையும் தொடலாம், எவ்வளவு அகலத்திலும் கூட்டலாம், குறைக்கலாம், நடப்பதை எல்லாம் திரையில் கோடாகப் பார்க்கலாம். ஆனாலும் ஒலிப்பதிவாளர்கள் தனியாகக் காசு கொடுத்து இன்னொன்றை வாங்குகிறார்கள். அதில் தாழ்ந்த ஒலிகளுக்கு நான்கே நிலைகள். 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ் என்பதைத் தாண்டிப் போக முடியாது. கோடு காட்டும் திரை கிடையாது. 1950களின் தொடக்கத்தில் வந்த பல்டெக் என்ற அமெரிக்கக் கருவியின் கணினி நகல் அது. பழைய வால்வுகளின் இனிமைக்காகவே வாங்குகிறார்கள் என்பது பொதுவான விளக்கம். வரலாற்றைப் பார்த்தால் அது பாதிதான் பொருந்துகிறது. இந்த நகல்கள் உண்மையில் காப்பாற்றியது அந்தக் கருவியின் வரம்புகளை. அந்த வரம்புகளுக்குள் வளர்ந்த வேலைமுறையை.

ஈக்வலைசர் பிறந்தது இசைக்காக அல்ல. நீண்ட தொலைபேசிக் கம்பியில் குரல் போகும்போது உச்ச ஒலிகள் அதிகமாகத் தேய்ந்துபோகும்; தேய்ந்ததை ஈடுகட்டவே இந்தச் சர்க்யூட்டுகள் வந்தன. வானொலியும் சினிமாவும் அவற்றை எடுத்துக்கொண்டன. அந்தப் பரம்பரையில், நியூ ஜெர்சியில் இயங்கிய பல்ஸ் டெக்னிக்ஸ் நிறுவனத்தில் யூஜின் ஷெங்க் உருவாக்கியதுதான் பல்டெக் ஈக்யூபி-1; அதன் மேம்பட்ட வடிவம் ஈக்யூபி-1ஏ. ஒலியைச் செதுக்கும் வேலையை இதில் சுருள், மின்தேக்கி, மின்தடை ஆகியவை மட்டுமே செய்கின்றன. இவற்றால் ஒலியைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. எனவே முதலில் எல்லா ஒலியும் சுமார் 16 டெசிபல் இறங்குகிறது. குமிழைத் திருப்பி 'கூட்டுவது' என்றால், குறிப்பிட்ட பகுதியை மட்டும் அந்த இறக்கத்திலிருந்து விடுவிப்பதே. இழந்த அளவைக் கடைசியில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் மீட்டுத் தருகிறது.

இந்தக் கட்டமைப்பிலிருந்துதான் பல்டெக்கின் பெயர்பெற்ற வித்தை பிறந்தது. தாழ்ந்த ஒலிகளைக் கூட்ட ஒரு குமிழ், குறைக்க இன்னொரு குமிழ், இரண்டுக்கும் பொதுவாக அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரே சுவிட்ச். 60இல் வைத்து இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால், கூட்டியதும் கழித்ததும் சரியாகிப்போக வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார். ஆனால் கூட்டும் வளைவும் குறைக்கும் வளைவும் ஒரே இடத்தில் விழுவதில்லை. குறைப்பு சற்று மேலே தள்ளியே பிடிக்கிறது. அளவும் ஒன்றல்ல: கூட்டலின் உச்சம் 13.5 டெசிபல், குறைப்பின் உச்சம் 17.5. விளைவாக, அடித்தளம் உயர்ந்து, அதற்கு மேலே ஒலி மந்தமாகக் குழம்பும் பகுதி பள்ளமாகிறது. கிக் டிரம்முக்கும் பேஸ் கிட்டாருக்கும் கனமும் தெளிவும் ஒருசேரக் கிடைப்பது இப்படித்தான். கணக்குப்படி ஒன்றையொன்று அழித்திருக்க வேண்டிய இரண்டு குமிழ்களின் பொருந்தாமையே இங்கே பயனாக மாறியது.

1972இல் ஜார்ஜ் மாசன்பர்க் பாராமெட்ரிக் ஈக்வலைசரைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். அதிர்வெண், அகலம், அளவு மூன்றையும் தனித்தனியே விரும்பியபடி மாற்றலாம் என்று ஆனபின், நான்கு நிலைகள் கொண்ட பெட்டிக்கு வேலை இருந்திருக்கக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் பல்டெக் உற்பத்தியும் நின்றது. ஆனால் கதை முடியவில்லை. டென்மார்க்கின் டியூப்-டெக், அதே சர்க்யூட்டைப் பின்பற்றிப் புதிய பெட்டிகள் செய்தது. 2000களின் தொடக்கத்தில் யுனிவர்சல் ஆடியோ அதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. வேவ்ஸ் போன்ற நிறுவனங்கள் தொடர்ந்தன. இந்த நகல்களின் முகப்பைக் கூர்ந்து பாருங்கள்: குமிழ்களின் கீழே 'சிபிஎஸ்', 'கேசிஎஸ்' என்று இன்னும் எழுதியிருக்கிறது. ஒரு நொடிக்கு இத்தனை சுழற்சி என்ற அந்தப் பழைய அலகின் இடத்தில் ஹெர்ட்ஸ் 1960லேயே உலக அளவில் ஏற்கப்பட்டுவிட்டது. மென்பொருளில் அதை மாற்ற ஒரு நிமிடம் போதும், மாற்றவில்லை. ஒலியோடு முகப்பையும் சேர்த்தே விற்கிறோம் என்பது செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வரம்புகளே காரணம் என்ற இந்தக் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அசல் கருவியில் ஈக்வலைசர் சுவிட்சை அணைத்தாலும் ஒலி வால்வு ஆம்ப்ளிஃபையர் வழியாகவே போகும். அது ஒலிக்குச் சேர்க்கும் நிறத்துக்காகவே குமிழ்களைத் தொடாமல் ஒலியை அதன் வழியே செலுத்துபவர்கள் உண்டு. அப்படியானால் மதிப்பு வால்விலும் டிரான்ஸ்ஃபார்மரிலும்தானே? அந்த நிறம் உண்மைதான். 2013இல் யுனிவர்சல் ஆடியோ தன் பல்டெக்கைப் புதுப்பித்தபோது ஆம்ப்ளிஃபையர் உட்பட முழுச் சர்க்யூட்டையும் மாதிரியாக்கியதாகச் சொல்லியே வெளியிட்டது. ஆனால் அதற்கு முந்தைய எளிய பதிப்பு பத்தாண்டுக் காலம் புழக்கத்தில் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நிறம் மட்டுமே காரணம் என்றால் அது அவ்வளவு காலம் நின்றிருக்காது. வால்வு தரும் நிறம் சாதாரண அளவுகளில் மெல்லியது. வளைவுகளின் அகலமோ முதல் திருப்பிலேயே காதுக்குத் தெரிவது.

இன்னொரு மறுப்பு: வளைவுதான் காரணம் என்றால், அதே வளைவைச் சாதாரண பாராமெட்ரிக்கில் வரைந்துவிடலாமே, இது வெறும் பழமை மோகம்தானே? வரையலாம், மிக நெருக்கமாகவே வரையலாம். விளம்பரத்தில் பழமை மோகம் இருப்பதும் மெய். ஆனால் வரைய முடியும் என்பது வேறு, வரையத் தோன்றுவது வேறு. ஒரே இடத்தில் கூட்டிக்கொண்டே குறைக்கவும் வேண்டும் என்ற எண்ணத்தை வெற்றுத் திரை யாருக்கும் தருவதில்லை. இரண்டு குமிழ்களை அருகருகே வைத்த முகப்பு தருகிறது. திரையில் கோடு இல்லாததால் முடிவைக் காதிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்காக எல்லா வரம்பும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அசல் பெட்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருந்ததில்லை. உதிரிப்பாகங்கள் வயதாக ஆக இன்னும் விலகின. கணினி நகல் பெரும்பாலும் ஏதோ ஒரு பெட்டியின் ஒரு காலத்து நிலையைப் பிடித்து, அதையே எல்லோர் கையிலும் கொடுக்கிறது. ஸ்டூடியோவில் ஒன்றிரண்டு பல்டெக்கே இருந்தபோது, அதை எந்த வாத்தியத்துக்குக் கொடுப்பது என்பதே ஒரு தீர்ப்பாக இருந்தது. இன்று நாற்பது டிராக்கிலும் திறக்கலாம். முகப்பின் கட்டுப்பாடு வந்தது, பற்றாக்குறையின் கட்டுப்பாடு வரவில்லை. ஆகவே நகல் அசலைப்போல் ஒலிக்கிறதா என்று மட்டும் சோதிப்பது பாதிச் சோதனையே. அசல் கருவி தன் பயனரை எப்படி முடிவெடுக்க வைத்ததோ, நகலும் அப்படி வைக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.