ஓய்வுநாளும் கடைவீதியும்

திருநாட்களில் கடை திறக்கலாமா என்னும் வழக்கு நம் காலத்தில் தோன்றியதன்று. நெகேமியா நூலின் இறுதி அதிகாரத்தைப் புரட்டினால், அதன் பழைய வடிவம் நம் கண்முன் விரிகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசின் ஆளுநராக எருசலேமில் பணியாற்றிய நெகேமியா, ஓய்வுநாளன்று மக்கள் ஆலையில் திராட்சை மிதிப்பதையும், கழுதைகள்மேல் தானியப் பொதி ஏற்றி வருவதையும் காண்கிறார். தீர் நகரத்து வணிகர் மீன் கொண்டுவந்து நகரின் உள்ளேயே விற்கின்றனர். அவர் யூதத் தலைவர்களைக் கடிந்துகொள்கிறார்; ஓய்வுநாள் தொடங்கும் மாலையில் நகர வாயில்களை மூடச் செய்து, தம் ஆள்களைக் காவல் நிறுத்துகிறார். வணிகரோ எளிதில் விடுவதாக இல்லை. ஓரிரு முறை மதிலுக்கு வெளியே தங்கி இரவைக் கழிக்கின்றனர். மீண்டும் இவ்வாறு செய்தால் கைவைப்பேன் என்று ஆளுநர் மிரட்டிய பின்னரே அவர்கள் வராது நிற்கின்றனர். கதவடைப்பு, காவல், மிரட்டல், மதிலடியில் காத்திருக்கும் வியாபாரி: பின்வந்த இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளின் சட்டங்கள் யாவும் ஏறத்தாழ இக்காட்சியின் மறுபதிப்புகளே.

ஆனால் எதற்காக இந்தக் கதவடைப்பு? பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இருமுறை வருகின்றன என்பதை நம் வாசகர்கள் அறிவர். விடுதலைப் பயண நூல், இறைவன் படைப்புத் தொழிலை முடித்து ஓய்ந்தார் என்பதை ஓய்வுநாளுக்குக் காரணமாகக் காட்டுகிறது. இணைச்சட்ட நூலோ வேறொரு காரணம் கூறுகிறது: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தவன், ஆகவே உன் அடிமையும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்கட்டும். முன்னது வழிபாட்டின் காரணம்; பின்னது உழைப்பாளியின் காரணம். கடைக்கதவைப் பற்றி வரலாற்றில் எழுந்த பூசல்களை ஆராய்ந்தால், இவ்விரண்டில் எதனை முன்னிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே சட்டம் நிலைத்ததும் சரிந்ததும் என்று நமக்குத் தோன்றுகிறது.

தொடக்கத் திருச்சபைக்கு இப்பூசலே இல்லை. முதல் மூன்று நூற்றாண்டுகளில் உரோமைப் பேரரசில் ஞாயிறு ஒரு வேலைநாள். அடிமைகளும் கைவினைஞரும் பொழுது புலரும் முன்னர்க் கூடி வழிபட்டு, பின்பு தத்தம் வேலைக்குச் சென்றனர். மன்னன் கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் நீதிபதிகளும் நகர மாந்தரும் கைவினைத் தொழிலாளரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க ஆணையிட்டான். அவ்வாணையிலும் ஒரு விலக்கு இருந்தது: உழவர்கள் தடையின்றி வயலில் இறங்கலாம், விதைப்புக்கும் கொடி நடவுக்கும் ஏற்ற நாள் கைநழுவினால் மீண்டும் வாராது. பருவத்தே பயிர் செய் என்று படித்து வளர்ந்த நமக்கு இவ்விலக்கின் நியாயம் எளிதில் விளங்கும். அதே நூற்றாண்டில் கூடிய இலவோதிக்கேயச் சங்கமும் ஞாயிறன்று ‘இயன்றால்’ ஓய்ந்திருக்கச் சொன்னதேயன்றி, அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இடைக்காலத்திலோ நிலைமை விந்தையானது. மக்கள் கூடுமிடம் கோவில்; கூட்டம் உள்ள இடத்தில் கடை முளைக்கும். ஐரோப்பாவில் சந்தைகள் கோவில் முற்றத்திலேயே நடந்தன. திருநாளைக் குறித்த இலத்தீன் சொல்லான ‘பேரியா’விலிருந்தே சந்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பிறந்தது, செருமன் மொழியிலோ திருப்பலிக்கும் வணிகக் கண்காட்சிக்கும் இன்றுவரை ஒரே சொல்தான். (வேளாங்கண்ணித் திருவிழாவின் கடைத்தெருவைக் கண்டவர்கள் இதில் வியக்கமாட்டார்கள். பொரியும் பேரீச்சம்பழமும் இல்லாத திருவிழாவை நம் சிறுவர்கள் திருவிழா என்றே ஒப்புக்கொள்வதில்லை.) இங்கிலாந்தில் 1285ஆம் ஆண்டுச் சட்டம் சந்தையைக் கோவில் முற்றத்திலிருந்து வெளியேற்றியது. 1448இல் ஆறாம் ஹென்றி ஞாயிற்றுச் சந்தையையே தடைசெய்தான்; அதிலும் அறுவடைக் காலத்து நான்கு ஞாயிறுகளுக்கு விலக்கு இருந்தது.

இவ்வழக்கின் உட்பொருளை நமக்கு நன்கு உணர்த்தும் நாடு பிரான்சு. 1793இல் புரட்சி அரசு பழைய நாட்காட்டியை ஒழித்து, ஏழு நாள் வாரத்துக்குப் பதிலாகப் பத்து நாள் வாரத்தைப் புகுத்தியது. பத்தாம் நாளே ஓய்வு. பகுத்தறிவின் பெயரால் வந்த இம்மாற்றத்தில் உழைப்பாளி கண்ட பயன் என்ன? மாதத்துக்கு நான்கு ஓய்வுநாட்கள் பெற்றவனுக்கு இப்போது மூன்றுதான்! மக்கள் பழைய ஞாயிற்றையே ஓசையின்றிக் கடைப்பிடித்தனர். ஆகவே 1798இல், பத்தாம் நாளன்று கடைகளைக் கட்டாயமாக மூடவேண்டும் என்று சட்டம் இயற்றினர். நெகேமியாவின் கதவடைப்பைச் சமய மறுப்பாளரும் கையாள நேர்ந்தது. 1806 தொடக்கத்தில் நெப்போலியன் அந்த நாட்காட்டியையே நீக்கினான்.

அரசகுலம் மீண்டும் அரியணை ஏறியபின், 1814 நவம்பரில் பதினெட்டாம் லூயியின் அரசு ஞாயிறையும் திருநாட்களையும் காக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வாசகம் நம் கவனத்துக்குரியது. வணிகர்கள் கடையின் பலகைக் கதவுகளைத் திறந்துவைத்துச் சரக்கைப் பரப்பி விற்கக் கூடாது. சிற்றூர்களில் வழிபாட்டு நேரத்தில் மதுக்கடைகள் திறந்திருக்கக் கூடாது. தெருவில் செல்வோர் கண்ணில் படாதிருப்பதே அச்சட்டத்தின் பெருங்கவலை. மூடிய பலகைக்குப் பின்னால் கடைப்பையன் சரக்கை அடுக்கிக் கொண்டிருந்தானா, ஓய்ந்திருந்தானா என்பது அதில் இரண்டாம் கேள்வியாகவே இருந்தது. இறைவனின் நாள் காக்கப்பட்டதாகத் தோன்றிற்று. அந்நாள் யாருக்காகத் தரப்பட்டதோ அவன் மறக்கப்பட்டான்.

இத்தகைய சட்டத்துக்கு வேர் ஆழமாக இராது. 1830க்குப் பின் அது உறங்கிப்போயிற்று. திருச்சபையோடு மோதிக்கொண்டிருந்த மூன்றாம் குடியரசு, 1880 சூலையில் அதனை முற்றிலும் நீக்கிற்று. யாரும் யாரையும் ஓய்ந்திருக்கக் கட்டாயப்படுத்தலாகாது என்பது வாதம். கேட்பதற்கு இனிமையான வாதம்தான். ஆனால் அரசு ஊழியரின் ஞாயிறு மட்டும் காப்பாற்றப்பட்டது! மற்றவருக்கு, ஓய்ந்திருக்கும் உரிமை முதலாளியின் விருப்பமாயிற்று. பேரங்காடிகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்களுக்குக் கோவிலும் இல்லை, குடும்பமும் இல்லை, வாரத்தில் ஒரு நாளும் இல்லை என்ற நிலை பலருக்கு வந்தது. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் தொழிலாளர் சுற்றுமடலில் ஞாயிற்று ஓய்வை உழைப்பாளியின் உரிமைகளோடு சேர்த்துப் பேசியதை இப்பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும்.

1905 டிசம்பரில் பிரெஞ்சுக் குடியரசு திருச்சபையையும் அரசையும் சட்டப்படி பிரித்தது. 1906 மார்ச் 10 அன்று கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 1,099 பேர் மாண்டனர். நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. அவ்வாண்டு சூலை 13 அன்று, அதாவது பிரிவினைச் சட்டம் வந்து ஏழே மாதங்களில், அதே குடியரசு ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரந்தோறும் 24 மணி நேரத் தொடர் ஓய்வு தரப்பட வேண்டும், அது ஞாயிறாக இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது! வழிபாட்டின் பெயரால் வந்த சட்டம் நிலைக்கவில்லை. உழைப்பாளியின் பெயரால் வந்தது, பல விலக்குகளால் துளைபட்டும், இன்றும் அந்நாட்டில் நின்றுகொண்டிருக்கிறது. இணைச்சட்ட நூலின் காரணத்தை, அந்நூலைப் போற்றாதவர்கள் நிலைநாட்டினார்கள் எனலாம்.

எனினும், எல்லாருக்கும் ஒரே நாள் என்பதில் வேறொரு முள் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்சநீதிமன்றம் 1961 மே 29 அன்று ஞாயிற்றுக் கடையடைப்பைப் பற்றிய வழக்குகளில் தீர்ப்பளித்தது. அவற்றுள் ஒன்றில், மேரிலாந்து மாநிலத்துப் பேரங்காடி ஒன்றின் ஊழியர்கள் ஞாயிறன்று தரைமெழுகு, ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் போன்றவற்றை விற்றதற்காகத் தண்டம் விதிக்கப்பட்டிருந்தனர். தண்டம் பெற்றவர்கள் ஊழியர்கள் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்வார்களாக! மற்றொன்று பிலடெல்பியா நகரத்து யூத வணிகர்களின் வழக்கு. தங்கள் மறைப்படி சனிக்கிழமை கடையை மூடுபவர்கள், சட்டப்படி ஞாயிறும் மூட வேண்டுமானால் வாரத்தில் இரு நாள் வருவாயை இழப்பர் என்று முறையிட்டனர். பொது ஓய்வுநாள் ஒன்றைக் குறிப்பது அரசின் உலகியல் நோக்கமே என்று கூறி, நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் அம்முறையீட்டைத் தள்ளினர்; மூவர் மாறுபட்டனர். அம்மூவரின் பக்கமே நம் மனம் சாய்கிறது. தன் ஓய்வுநாளை உண்மையாகவே காத்துவருபவனுக்கு, மற்றவர் ஓய்வுநாள் ஒரு தண்டனையாக வந்து சேரலாமா?

சிறுபான்மையாராய் வாழும் நமக்கு இக்கேள்வி புதியதன்று. இலங்கையில் 1966 முதல் ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாயின. நிலவின் பிறைக் கணக்கைப் பின்பற்றியதால் வாரத்தின் நீளமே மாறிமாறி வந்தது, ஞாயிறு வேலைநாளாயிற்று. வேலைக்குச் செல்லும் கிறித்தவர், முதல் நூற்றாண்டுகளின் சகோதரர்களைப் போல, வேலைக்கு முன்போ பின்போதான் வழிபாட்டுக்கு நேரம் தேட வேண்டியிருந்தது. வெளிநாட்டு வணிகத்துக்கும் அது இடையூறாயிற்று. 1971இல் ஞாயிறு திரும்பியது. முழுமதிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. பெரிய வெள்ளியன்று கடை திறப்பவரைப் பற்றி நம் கூட்டங்களில் குறைகூறுவோர், இந்த ஐந்தாண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் திருச்சபைச் சட்டமும் இவ்வகையில் வளர்ந்தே வந்திருக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, கடன் திருநாட்களில் பொதுச் சந்தையையும் வெளிப்படையான விற்பனையையும் பெயர் சொல்லித் தடுத்தது. நெடுநாள் வழக்கம் இருந்தாலன்றி அனுமதிக்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் சந்தை என்ற சொல்லே இல்லை. வழிபாட்டுக்கும், ஆண்டவருடைய நாளின் மகிழ்ச்சிக்கும், உடல் உள்ள ஓய்வுக்கும் தடையானவற்றைத் தவிர்க்கவே அது பணிக்கிறது.

தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டம், பிலடெல்பியா வணிகரின் இடரை அறிந்து செய்தாற்போல அமைந்தது. ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுதும் மூடியிருக்க வேண்டும். அந்நாள் எது என்பதைக் கடைக்காரரே குறித்து, கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். வெள்ளி விடுமுறை, ஞாயிறு விடுமுறை என்று அருகருகே தொங்கிய பலகைகளை நம்முள் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். 2019இல், பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் கடைகள் ஆண்டின் எல்லா நாட்களிலும் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்தது. பின்னர் அவ்வனுமதி நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு என்பது அதன் நிபந்தனை. நாள்முழுதும் நின்றே பணிபுரிந்த விற்பனைப் பெண்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021இல்தான் இங்குச் சட்டம் வந்தது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

கடை மூடுவதும் ஊழியருக்கு விடுப்புத் தருவதும் ஒன்றல்ல. சுழற்சியில் தாய்க்குச் செவ்வாய் கிடைக்கும், தந்தைக்கு வியாழன் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைக்கு ஞாயிறு. மூவரும் ஒரு பாயில் அமர்ந்து உண்ணும் நாள் எது? துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரியும் நம் பெண்பிள்ளைகள் தீபாவளிக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் முந்திய ஞாயிறுகளில் திருப்பலிக்கு வாராததை, அன்பியக் கூட்டங்களில் சிலர் பக்திக் குறைவென்று எண்ணுகின்றனர். அப்பிள்ளைகளிடம் அவர்களுடைய விடுப்புநாள் எதுவென்று முதலில் கேட்க வேண்டும். தகுந்த காரணம் இருக்குமிடத்து, மறைமாவட்ட ஆயர் வகுத்த நெறிப்படி, ஞாயிற்றுக் கடனிலிருந்து ஒருவருக்கு விலக்களிக்கவோ, அதனை வேறொரு பக்திச் செயலாக மாற்றித் தரவோ பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு என்று 1245ஆம் சட்டவிதி கூறுகிறது.