காலையில் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்? பள்ளி உணவு இல்லாத நாளிலும் வயிறும் மனசும் நிறைய எளிய வழிகள்!

காசிமேட்டில் பொழுது விடியும் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகள் எழுவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இதனால் வட சென்னையின் பல வீடுகளில் குழந்தைக்குக் காலையில் என்ன கொடுப்பது என்பது, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதையும் சேர்த்த கேள்வி. பல நாட்களில் அதற்குக் கிடைக்கும் பதில் ஒரு டீயும் இரண்டு பொறையும்தான்.

மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலின் ஒரு பகுதியை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தீர்த்திருக்கிறது. ஆனால் சனி, ஞாயிறு? முழு ஆண்டு விடுமுறை? ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளை? அந்த நாட்களில் வீட்டில் என்ன செய்யலாம் என்பதை எளிமையாகப் பார்க்கலாம்.

பள்ளியில் என்ன கிடைக்கிறது?

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1,14,095 மாணவர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். சென்னையைப் பொறுத்தவரை அந்த முதற்கட்டத்திலேயே திருவொற்றியூர், மணலி, ராயபுரம் உள்ளிட்ட வட சென்னைப் பகுதிகளின் மாநகராட்சிப் பள்ளிகள் இடம்பெற்றன.

அடுத்தடுத்து நடந்த விரிவாக்கம்:

• 2023 ஆகஸ்ட் 25: தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் தொடக்க விழா நடந்தது.
• 2024 ஜூலை 15: ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்க்கப்பட்டன.
• 2025 ஆகஸ்ட் 26: நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன.

2022-ல் அறிவிக்கப்பட்ட பட்டியலின்படி திங்கள், வியாழன் உப்புமா வகை. செவ்வாய் கிச்சடி வகை. புதன் பொங்கல் வகை. வெள்ளிக்கிழமை கிச்சடியுடன் கேசரி. உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் காய்கறி சாம்பார் உண்டு. பிறகு 2025-ல் திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதிலாகப் பொங்கல், சாம்பார் தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. "உப்புமாவா?" என்று முகம் சுளிக்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறார்கள்!

யாருக்குக் கிடைக்காது?

திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். அதுவும் பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும். தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது.

ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் சூடாகச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு வீட்டுப் பொறுப்பாகிவிடுகிறது. அது உடல் வேகமாக வளரத் தொடங்கும் வயது. பெண் குழந்தைகளுக்கு மாதவிடாய் தொடங்கும் வயதும் அதுவே; இரும்புச்சத்துத் தேவை கூடும். அதாவது சாப்பாடு அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பள்ளியின் காலைத் தட்டு நின்றுபோகிறது.

அதற்கும் கீழ்வயதில்கூட நிலைமை கவலைக்குரியது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

50 கிராம், 15 கிராம்: வீட்டுக்கும் உதவும் அளவு

பள்ளித் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு அரிசி, ரவை, சேமியா அல்லது சிறுதானியம் 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அதோடு அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் காய்கறிகள் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். இந்த அளவை வீட்டிலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 50 கிராம் ரவை என்பது கால் கப்புக்குக் கொஞ்சம் கூட. 15 கிராம் பருப்பு என்பது சுமார் ஒரு மேசைக்கரண்டி.

இதில் மூன்று விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள்:

• வயிற்றை நிரப்ப தானியம்.
• உடம்பை வளர்க்கப் பருப்பு. இதற்குப் பதில் முட்டை, மீன், வேர்க்கடலை, சுண்டல், தயிர் எதுவானாலும் சரி.
• விட்டமின்களுக்குக் காய், கீரை அல்லது பழம்.

தட்டில் இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல காலை உணவு. வெறும் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டால் ஒன்றுதான் இருக்கிறது. அதே இட்லிக்குக் காய் போட்ட சாம்பார் வந்துவிட்டால் மூன்றும் வந்துவிட்டது. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டு பிள்ளைகளுக்கு ரவை கிச்சடி

ரவை 100 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம். பருப்பை முதல்நாள் இரவே கழுவி, காலையில் குழைய வேகவைத்துக்கொள்ளலாம். ரவையை லேசாக வறுத்து டப்பாவில் வைத்துவிட்டால் காலை வேலை பாதியாகிவிடும்.

கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பட்டாணி ஒரு கைப்பிடி போட்டு வதக்கவும். ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர். கொதி வந்ததும் உப்பு, மஞ்சள்தூள், வெந்த பருப்பு சேர்த்து, ரவையைத் தூவிக் கிளறி மூடி வைக்கவும். இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழியவும். எலுமிச்சையில் உள்ள விட்டமின் சி, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவும்.

இதையே ஒரு சின்ன கிண்ணத்தில் அழுத்தித் தட்டில் கவிழ்த்தால் 'மலை'. மேலே ஒரு கேரட் துண்டை நட்டால் எண்ணூர் 'லைட்ஹவுஸ்'. குழந்தைக்கு விளையாட்டு, அம்மாவுக்கு வேலை மிச்சம்.

பிள்ளைகளை ஈர்க்கும் 5 ஐடியா

1. புள்ளி இட்லி: இட்லித் தட்டின் குழியில் முதலில் துருவிய கேரட், பட்டாணி போட்டு, அதன்மேல் மாவை ஊற்றவும். கவிழ்த்தால் மேலே வண்ணப் புள்ளிகள் இருக்கும். எத்தனை புள்ளி என்று எண்ணச் சொல்லலாம்.

2. எழுத்து தோசை: தோசை மாவில் கேழ்வரகு மாவு கலந்து, கரண்டியால் பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தைக் கல்லில் ஊற்றவும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இது மிகக் குறைவு. கறுப்பாக இருக்கிறது என்று ஒதுக்கும் பிள்ளையும் தன் எழுத்தைச் சாப்பிட்டுப் பார்க்கும்.

3. கீரைப் பணியாரம்: மிச்சமான இட்லி மாவில் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, வெங்காயம் கலந்து குழிப்பணியாரமாகச் சுடலாம். கூடவே வேர்க்கடலைச் சட்னி.

4. முட்டை தோசை: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். தோசைமேல் உடைத்து ஊற்றி, தக்காளித் துண்டால் கண், வாய் வைத்தால் சிரிக்கும் முகம்.

5. சின்ன மீன்: வட சென்னையில் நேற்றைய மீன் குழம்பு இல்லாமல் இட்லி இறங்காத வீடுகள் உண்டு. நல்ல பழக்கம்தான். நெத்திலி போன்ற சின்ன மீன்களில் பாதரசம் குறைவு; மெல்லிய முள்ளோடு சாப்பிடும்போது கால்சியமும் கிடைக்கும். சுறா, பெரிய வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேரும் என்பதால் குழந்தைகளுக்கு அடிக்கடி வேண்டாம். குழம்பை ஃபிரிட்ஜில் வைத்து, நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பரிமாற வேண்டும். சின்னக் குழந்தைக்கு முள்ளைக் கையால் பார்த்து எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அம்மா, அப்பா விடியும் முன்பே கிளம்பிவிட்டால்?

வீட்டில் பாட்டியோ பெரிய பிள்ளையோ மட்டும் இருக்கும் நாட்களில் அடுப்பே தேவைப்படாத உணவுதான் பாதுகாப்பு.

• தயிர் அவல்: கெட்டி அவலைக் கழுவி, தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தயிர், உப்பு, துருவிய கேரட் கலந்தால் போதும். பொட்டுக்கடலை தூவிக்கொள்ளலாம்.
• பழைய சோறு: இரவே நல்ல தண்ணீர் ஊற்றி மூடிவைத்த சோற்றில் காலையில் தயிர், சின்ன வெங்காயம். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல்.
• கூழ்: கேழ்வரகுக் கூழை முதல்நாளே காய்ச்சி வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். தெருமுனைக் கூழ் வண்டி பிள்ளைகளுக்குப் பழகியதுதான். வீட்டில் செய்தால் உப்பையும் மிளகாயையும் குறைத்துக்கொள்ளலாம்.
• கையோடு எடுத்துப் போக: ஒரு வாழைப்பழமும் ஒரு சத்துமாவு உருண்டையும்.

ஒரு எச்சரிக்கை: 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழு வேர்க்கடலை, முழுப் பொட்டுக்கடலை வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

சமைக்கவே முடியாத காலையில் அம்மா உணவகமும் ஒரு வழி. 2013-ல் சென்னையில் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய் என்று விலை வைத்தார்கள். நான்கு இட்லி, சாம்பாரோடு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தால் அந்த வேளைக்கு மூன்று விஷயங்களும் வந்துவிடும்.

டீ, பிஸ்கட், 'ஹெல்த் ட்ரிங்க்' கொடுக்கலாமா?

டீயில் உள்ள டானின், உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உணவு வழிகாட்டுதல். பெரியவர்களுக்கே இப்படி என்றால், ரத்தசோகை வாய்ப்புள்ள குழந்தைக்குக் காலை உணவே டீ என்றால் இரட்டை நஷ்டம். அதற்குப் பதில் பால் கொடுக்கலாம்.

பிஸ்கட்டும் பொறையும் பெரும்பாலும் மைதா, சர்க்கரை, கொழுப்புதான். சீக்கிரம் செரித்து, இரண்டாவது பீரியடிலேயே பசிக்கத் தொடங்கும்.

பாலில் கலக்கும் பவுடர்கள்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் ட்ரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. போர்ன்விடா உள்ளிட்ட பானங்களை அந்தப் பெயரில் பட்டியலிட வேண்டாம் என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. வாங்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதைப் பாருங்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கவனிக்க வேண்டும்?

இந்த வயதில் "பசிக்கல" என்று சொல்லிவிட்டு ஓடுவது சகஜம். இரவு சாப்பாட்டை அரை மணி நேரம் முன்னால் கொடுத்தால் காலையில் பசி எடுக்கும். அப்படியும் சாப்பிடவில்லை என்றால் சப்பாத்தியில் முட்டைப் பொரியலோ சுண்டலோ வைத்துச் சுருட்டி டிஃபன் பாக்ஸில் கொடுத்துவிடலாம். முதல் இடைவேளையில் சாப்பிடட்டும்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் வரலாம். அதற்குப் பயந்து பல பிள்ளைகள் மாத்திரையையே தவிர்த்துவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

100 ஆண்டு பழைய பாடம்

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைச் சென்னை மாநகராட்சி நீண்ட காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க முடிவெடுத்தபோது மாநகராட்சியை வழிநடத்தியவர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் தியாகராயா கல்லூரி அவர் பெயரைத் தாங்கியதுதான். ஒரு மாணவருக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது அன்றைய கணக்கு.

பள்ளி தன் பங்குக்கு வாரத்தில் ஐந்து காலை வேளைகளைப் பார்த்துக்கொள்கிறது. மீதி நாட்களுக்கு வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமை ரவையை வறுத்து வையுங்கள், கொஞ்சம் சத்துமாவு உருண்டை பிடித்து வையுங்கள், தினமும் தட்டில் தானியம், பருப்பு, காய் மூன்றும் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அடுத்த நாள் காலை என்ன செய்யலாம் என்பதை முதல்நாள் இரவே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். தானே தேர்ந்தெடுத்த டிஃபனைப் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் மிச்சம் வைப்பதில்லை.