பலாலி விமான நிலையம்: வரலாறும் இயக்கமும்

பலாலி விமான நிலையம் இலங்கைத் தீவின் வட முனையில், யாழ்ப்பாண நகரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள சிறிய விமான நிலையம். 2019 முதல் இதன் பெயர் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். ஊர் மக்கள் இன்றும் பலாலி என்றே சொல்கிறார்கள். போர்த் தளமாகத் தொடங்கி, பயணிகள் நிலையமாகி, மீண்டும் போர்த் தளமாகி, இப்போது மறுபடியும் பயணிகளை ஏற்றி இறக்கும் இடம் இது.

அமைவிடம்

மாணவர்கள் ஒரு நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தால் இந்த வரலாறு எளிதில் விளங்கும். நம் மாமல்லபுரத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போடுங்கள். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் ஆகியவை கோட்டுக்கு மேற்கே ஒதுங்கி நிற்கும். கோடு முழுவதும் கடலிலேயே சென்று, சுமார் 310 கி.மீ. கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தொடும். அந்த இடத்துக்குச் சற்று மேற்கே பலாலி. சென்னை விமான நிலையத்திலிருந்து கணக்கிட்டால் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கி.மீ.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலைவழித் தொலைவு சுமார் 400 கி.மீ. அதாவது, சென்னைக்கான வான்வழித் தொலைவு கொழும்புக்கான சாலைவழித் தொலைவைவிடக் குறைவு.

தோற்றம்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. இந்தியப் பெருங்கடலில் இலங்கையின் முக்கியத்துவம் பிரித்தானியருக்கு உறைத்த காலம் அது. தீவின் பல இடங்களில் அமைத்தது போலவே பலாலியிலும் பிரித்தானிய விமானப்படை ஓர் ஓடுபாதையை அமைத்தது. நிலம் சமதளம், அடியில் சுண்ணாம்புக் கல், மேலே வலிகாமத்துச் செம்மண். வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளையும் தோட்ட நிலம் அது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போர் முடிந்தபின் பலாலிக்குப் பயணிகள் விமானம் வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. பலாலி நிலையம் அப்போது காங்கேசன்துறை என்ற பெயராலும் அறியப்பட்டது. வந்தது டக்கோட்டா வகை விமானம். இலங்கை விடுதலை பெற அப்போது இன்னும் 8 வாரங்கள் இருந்தன. ஒரு நாட்டின் விமான சேவை தன் முதல் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கி, தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அன்று இரு கரைகளுக்கும் இடையே வேறு வழிகளும் இருந்தன. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அந்தச் சேவை இராமேசுவரத்திலிருந்து நடந்தது. ஏர் சிலோன் 1964 இல் ஆவ்ரோ விமானத்தைச் சேவையில் சேர்த்தது. அந்நிறுவனத்தின் விமானங்கள் 1970களின் இறுதி வரை பலாலிக்கு வந்து போயின.

போர்க்காலம்

1980களில் இனப்போர் மூண்டதும் பலாலி முழுமையாகப் படைத்தளமாயிற்று. 1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப் படை வந்து இறங்கியது இந்த ஓடுபாதையில்தான். 1990 மார்ச்சில் அப்படை வெளியேறியது. அவ்வாண்டு ஜூனில் மீண்டும் போர் வெடித்தபோது பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான், தையிட்டி முதலிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் வீடு, தோட்டம், கிணறு, கோயில் யாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். விமானத் தளத்தையும் துறைமுகத்தையும் சுற்றிய பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று.

நிலப்படத்தில் யாழ்ப்பாணம் குடாநாடு. ஆனையிறவு வழியாக அது பெருநிலப்பரப்போடு இணைந்திருக்கிறது. ஆனால் போர் ஆண்டுகளில் கண்டி வீதி எனப்படும் ஏ-9 சாலை நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 2002 இல் திறந்த சாலை 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. சாலை மூடிய காலங்களில் குடாநாடு ஒரு தீவாகவே ஆகிவிட்டது. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் கொழும்பு செல்ல வேண்டியவர்களுக்குக் கப்பலும் விமானமுமே வழி. படையினரின் அனுமதி பெற்று, சோதனைகளைக் கடந்துதான் பலாலி ஓடுபாதையை அடைய முடிந்தது.

அந்த வழியும் பாதுகாப்பானதாக இல்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் பயணிகள் விமானம் மன்னார்க் கரைக்கு அப்பால் கடலில் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். போருக்குச் சம்பந்தமில்லாத குடும்பங்கள் பல அன்று உறவுகளை இழந்தன.

மீள்திறப்பு

போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன் பின்னும் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வர விரும்பியவர் முதலில் 400 கி.மீ. தெற்கே கொழும்புக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து சுமார் 650 கி.மீ. வடக்கே பறந்து வர வேண்டும். 355 கி.மீ. பயணம் ஆயிரம் கி.மீ.க்கு மேலாக நீண்டது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து இறங்கியது. நவம்பர் 11 முதல் வழக்கமான சேவை தொடங்கியது. பெயர்ப்பலகைகளில் தமிழ் முதலிலும், சிங்களமும் ஆங்கிலமும் அடுத்தும் இடம்பெற்றன. அதை வரவேற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு.

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் சேவை நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கிறது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேவை தொடங்கியது. இதனிடையே 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் தொடங்கி வைக்கப்பட்டது.

இயக்கம்

பலாலிக்கு வருபவை ஏ.டி.ஆர். 72 வகை விமானங்கள். இரண்டு சுழல்விசிறி எஞ்சின்கள் கொண்டவை. சுமார் 70 முதல் 78 பேர் அமரலாம். குறுகிய ஓடுபாதையே இவற்றுக்குப் போதும். இலட்சத்தீவின் ஒரே விமான நிலையமான அகத்தியில் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர்தான்; அங்கும் இதே வகை விமானங்கள் இறங்குகின்றன. ஓடுபாதை குறுகினால் புறப்படும்போது எடையைக் குறைக்க வேண்டும். ஆகவே பயணிகளின் எண்ணிக்கையோ சுமையோ குறையும். சிறு விமான நிலையங்களின் கணக்கு எப்போதும் இந்த எடைக்குள் அடங்குகிறது.

பலாலி விமானப்படைத் தளமும்கூட. ஒரே ஓடுபாதையைப் படையும் பயணிகள் சேவையும் பகிர்ந்துகொள்கின்றன. குடியேற்றம், சுங்கம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் ஒரு சிறிய முனையக் கட்டடத்துக்குள் முடிகின்றன.

நிலமும் எதிர்காலமும்

பெரிய ஜெட் விமானங்கள் இறங்க வேண்டுமானால் நீண்ட ஓடுபாதை வேண்டும். சுற்றிலும் தடையற்ற நிலம் வேண்டும். அந்த நிலம் யாருடையது என்பதே பலாலியின் தீராத கேள்வி. போருக்குப் பின் வலிகாமம் வடக்கு நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 2017 ஜூலையில்தான், 27 ஆண்டுகளுக்குப் பின், மக்களிடம் திரும்பியது. இன்னும் ஒரு பகுதி படையினர் வசமே உள்ளது. 1990 இல் பள்ளிப் பிள்ளையாக வெளியேறியவர் இன்று பேரப்பிள்ளை எடுக்கும் வயதில் இருக்கிறார்.

விமான நிலையம் வளர்வதால் சிகிச்சைக்கும் யாத்திரைக்கும் வணிகத்துக்கும் வருவோர் பயன் பெறுகிறார்கள், உறவுகள் சேர்கின்றன. ஆனால் அந்த வளர்ச்சிக்கான நிலம் ஏற்கெனவே ஒரு முறை ஊரை இழந்தவர்களுடையது. பலாலியின் வரலாற்றைப் படிக்கும் மாணவர் இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஓடுபாதையில் இறங்கியவர்களின் கணக்கு மட்டும் போதாது. அதற்காக எழுந்து போனவர்களின் கணக்கும் அந்த வரலாற்றில் உண்டு.