அயர்லாந்துக் கூலியும் செங்கல்பட்டுப் படியாளும்: வேர்வை எப்போது நிலமாகிறது?

இட ஒதுக்கீடு என்றோ பஞ்சமி நிலம் என்றோ வாயைத் திறந்தால் போதும், எதிரே ஒரு பதில் தயாராக இருக்கும். "எங்க தாத்தாவும் ஒண்ணும் இல்லாமத்தான் வந்தாரு. மூட்டை தூக்கினாரு, உழைச்சாரு, நிலம் வாங்கினாரு. நீங்களும் உழைக்க வேண்டியதுதானே?" கல்லூரி விடுதியிலும் டீக்கடையிலும் நம் தோழர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறார்கள்.

இந்த வாதம் நம் ஊரில் மட்டும் ஓடுவதல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நீதி கேட்கும்போதெல்லாம், "எங்கள் ஐரிஷ் முன்னோர்களும் அடிமைகளாகத்தான் வந்தார்கள், நாங்கள் யாரிடமும் கையேந்தவில்லையே" என்று சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. தங்கள் வம்சத்தைத் தேடிப் போய், ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய ஒரு ஐரிஷ்காரர் பின்னாளில் நிலச்சுவான்தாராக ஆனதைக் கண்டுபிடித்துப் பெருமைப்படும் குடும்பங்களும் அங்கே உண்டு. பெருமைப்படட்டும், தவறில்லை. ஆனால் அந்தக் கூலிக்கு நிலம் எப்படிக் கிடைத்தது என்று நாம் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியின் பதில் செங்கல்பட்டில் இருக்கும் நமக்கும் தேவைப்படுகிறது.

ஒரே தேசத்திலிருந்து போன இருவர்

1649இல் கிராம்வெல்லின் ஆங்கிலப் படை அயர்லாந்துக்குள் புகுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கத்தோலிக்க ஐரிஷ் மக்களின் நிலம் பெருமளவில் பறிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கரீபியத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டார்கள். சிலர் வறுமையால் தாங்களாகக் கைநாட்டு வைத்துப் போனார்கள், பலர் பிடித்து அனுப்பப்பட்டார்கள். பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களில் அவர்களை அடித்தார்கள், பட்டினி போட்டார்கள். இதை நாம் மறுக்கவில்லை. ஒடுக்கப்பட்ட இன்னொரு மக்களின் வலியைக் குறைத்துப் பேசுவது நம் வேலையும் அல்ல.

ஆனால் அங்கே சட்டம் ஒரு கோடு போட்டது. 1661இல் பார்படோஸ் சட்டசபை இரண்டு தனித்தனிச் சட்டங்களை இயற்றியது. ஒன்று ஒப்பந்தப் பணியாளர்களுக்கு, மற்றொன்று கறுப்பின அடிமைகளுக்கு. ஒப்பந்தப் பணியாளருக்குக் கெடு இருந்தது. அது முடிந்தால் அவர் சுதந்திர மனிதர். எஜமான் மீது நீதிமன்றத்தில் முறையிடலாம். அவருடைய பிள்ளை அடிமையாகப் பிறப்பதில்லை. கறுப்பின அடிமைக்குக் கெடு கிடையாது, அவர் எஜமானின் சொத்து. அந்தத் தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சொத்துதான்.

கார்னீலியஸ் பிரையன் என்ற ஐரிஷ் பணியாளர் ஆங்கிலேயருக்கு எதிராகப் பேசினார் என்று 1656இல் பார்படோஸில் சவுக்கடித் தண்டனை பெற்றார். முப்பது ஆண்டு கழித்து அவர் சாகும்போது குடும்பத்துக்கு விட்டுச் சென்றது என்ன? வீடு, நிலம், கூடவே கறுப்பின அடிமைகள். சவுக்கடி பட்டவர் சவுக்கு வைத்திருப்பவராக மாறினார். அவர் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே தோட்டத்தில் அவரைவிட அதிகம் உழைத்தவர்களுக்கு நிலம் வரவில்லை, அவர்களே அவருடைய உயிலில் சொத்தாக எழுதப்பட்டார்கள்.

இன்னொருவர் எலினார் பட்லர். வரலாற்றில் 'ஐரிஷ் நெல்' என்று அழைக்கப்படுகிறார். மேரிலாந்து காலனியின் உரிமையாளரான பால்டிமோர் பிரபுவின் வீட்டுக்கு ஒப்பந்தப் பணிப்பெண்ணாக வந்தவர். 1681இல் சார்லஸ் என்ற கறுப்பின அடிமையைத் திருமணம் செய்துகொண்டார். அடிமையை மணக்கும் வெள்ளைப் பெண் தன் கணவன் உயிரோடு இருக்கும்வரை அவனுடைய எஜமானுக்கு வேலை செய்ய வேண்டும், பிறக்கும் பிள்ளைகள் அடிமைகள் என்பது 1664ஆம் ஆண்டின் மேரிலாந்துச் சட்டம். நெல்லின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடிமைகளாகவே வாழ்ந்தார்கள். நாங்கள் ஒரு சுதந்திரப் பெண்ணின் வாரிசுகள் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், மறுபடியும் போட்டார்கள். 1787இல்தான் மேரி பட்லர் என்ற வாரிசு வென்றார். திருமணம் நடந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

பிரையனும் நெல்லும் ஒரே தேசம், ஒரே மதம், ஒரே வகைக் கூலி. ஒருவர் கோட்டுக்கு மேலே நின்றார், நில உடைமையாளரானார். ஒருவர் கோட்டைத் தாண்டிக் காதலித்தார், தலைமுறைகள் அடிமையாயின. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சொன்னார். மேரிலாந்தின் நிறவெறியும் தன் கோட்டைக் காக்கத் திருமணத்தைத்தான் பிடித்தது. இளவரசனும் கோகுல்ராஜும் பிறந்த மண்ணில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

நம் கரையில் அதே காலம்

பார்படோஸில் பிரையன் சவுக்கடி பட்ட அதே காலத்தில் நம் சோழமண்டலக் கரையில் என்ன நடந்தது? பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள். துணி வாங்க வந்தவர்கள் பஞ்சம் வந்தபோது மனிதர்களையும் வாங்கினார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பஞ்சமும் போரும் உலுக்கியபோது ஆயிரக்கணக்கானோர் இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் இன்று சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் டச்சுக் கோட்டை அதே கம்பெனியின் கோட்டைதான்.

கப்பல் ஏறாதவர்களும் சுதந்திரமாக இல்லை. செங்கல்பட்டு மிராசு முறைக்குப் பேர்போன சீமை. நிலமும் தரிசும் மிராசுதாரர் கையில், உழுவது படியாள். சேரி இருக்கும் மனைக்கட்டுகூட மிராசுதாரருடையது என்பதால், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் சொன்னது. ஆனால் விடுதலையான படியாளுக்கு ஒரு குழி நிலமும் அந்தச் சட்டம் தரவில்லை. காலையில் அடிமை, மாலையில் கடனாளி. வேலை அதே களத்தில்தான்.

டுரூரோ கப்பலும் நேட்டால் நிலமும்

இந்தக் களத்தை விட்டு வெளியேற ஒரு வழி கடல். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. செங்கல்பட்டு, வடஆற்காட்டுக் கிராமங்களின் பெயர்கள் அந்தக் கப்பல் பதிவேடுகளில் நிறைந்து கிடக்கின்றன. சாதிப் பெயர்களும் ஒரு தனிக் கட்டத்தில் பதிவாகியிருக்கின்றன.

அங்கே போனவர்களுக்கு நிலம் கிடைத்ததா? 1870இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. பத்தாண்டு முடித்தவர் ஊர் திரும்பும் இலவசக் கப்பல் பயணத்துக்குப் பதிலாக நிலம் கேட்கலாம். மிகச் சிலருக்கே அது கிடைத்தது. பலர் குத்தகைக்கு எடுத்தும் சிறுகச் சிறுக வாங்கியும் காய்கறி பயிரிட்டார்கள், டர்பன் சந்தையையே பிடித்தார்கள். வெள்ளையர்களுக்கு அது பொறுக்கவில்லை. அந்த நில ஏற்பாடு திரும்பப் பெறப்பட்டது. 1895இல் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குபவர்கள் மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி. 1913இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே, 1914இல் அந்த வரி ஒழிந்தது.

இதையெல்லாம் மீறி நிலச்சுவான்தார் ஆனவர்களும் உண்டு. 1874இல் வடஇந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகப் போன பாபு போடாசிங் நேட்டாலில் பெரிய கரும்புத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரரானார். அந்த மண் யாருடையது? வெள்ளையர்கள் ஜூலு மக்களிடமிருந்து பிடுங்கிய மண். 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் பெரும்பான்மை ஆப்பிரிக்க மக்களுக்கு ஒதுக்கியது நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டும். ஆக, நம் ஆள் முன்னேறிய கதையிலும் இழந்தவர் ஒருவர் இருக்கிறார். ஐரிஷ்காரரிடம் கேட்கும் கேள்வியை நம்மவரிடமும் கேட்டால்தான் அது நேர்மையான கேள்வி.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் தென்னாப்பிரிக்காவில் சில காலம் வாழ்ந்தவர்தான். ஊர் திரும்பிய பின் சட்டமன்றத்திலும் லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அவர் பேசியது தன் சொந்த முன்னேற்றத்தை அல்ல. பொதுப் பாதையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் நமக்கிருக்கும் உரிமையைப் பேசினார்.

ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கை

கடல் தாண்டாமலே நிலம் வர ஒரே ஒரு கதவு திறந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனை சொந்தமில்லை, தர்க்காஸ்து போட்டுத் தரிசு கேட்டால் மிராசுதாரர் தடுக்கிறார், நிலமில்லாமல் இந்த மக்கள் தலைநிமிர வழியில்லை என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. முதல் பத்தாண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்ற முடியும். வேறு யார் வாங்கினாலும் அது செல்லாது.

கவனியுங்கள் தோழர்களே, பிரையனுக்கு நிலம் தந்ததும் சட்டம்தான், நெல்லின் பிள்ளைகளை அடிமையாக்கியதும் சட்டம்தான். நமக்கும் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் காகிதத்தில் இருந்த நிலத்தைக் காக்க வேண்டிய கிராம அதிகாரம் யார் கையில் இருந்தது? கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள்? பத்து மூட்டை நெல்லுக்கும் ஒரு கல்யாணக் கடனுக்கும் நிலம் கைமாறியது. தமிழ்நாடு முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்லும் பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து மனை விலை ஏறியபின் மீட்பு இன்னும் கடினமாகிவிட்டது.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கச் சென்ற மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

நம் வம்சத்தை நாம் தேடும்போது

"எங்க தாத்தா உழைத்தார்" என்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். அந்த நிலம் அதற்கு முன் யாருடையது? எந்தச் சட்டம் அவரை வாங்க அனுமதித்தது? வாங்கிய நிலத்தில் யார் உழைத்தார்கள்? அதே ஊரில் யார் வாங்கவே முடியாது? நான்குக்கும் பதில் வந்த பிறகு உழைப்பைப் பற்றிப் பேசலாம். உழைப்பில் நம் தாத்தாக்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல.

கேட்பதோடு நிற்காமல் நாமும் தேட வேண்டும். அடிமைகளாகப் பிறந்த பட்லர் குடும்பத்துக்கு எழுதப்பட்ட வம்சாவளி இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து நெல்லின் திருமணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சாட்சியாகச் சொன்னார்கள். அந்த வாய்மொழிச் சாட்சிதான் வழக்குக்கு உயிர் கொடுத்தது. நம் சேரிகளிலும் "அந்த மேட்டு நிலம் நம்மளுது" என்று சொல்லும் ஆயாக்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் ஊரின் அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 'டி.சி.' நிலம் அல்லது நிபந்தனை நிலம் என்ற குறிப்பு எந்தெந்த சர்வே எண்ணில் இருக்கிறது, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே எண் யார் பெயரில் இருந்தது, பிற்காலப் பதிவில் அந்தக் குறிப்பு எங்கே காணாமல் போனது என்று ஒப்பிடுங்கள். வில்லங்கச் சான்று கைமாறிய தேதியைச் சொல்லும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.

இது தனியாளாகச் செய்யும் வேலை அல்ல. ஒரு ஊருக்கு மூன்று பேர் போதும், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க. கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் சுற்று வட்டாரத் தோழர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். அந்த ஆயாக்களின் வயதை நினைத்துப் பாருங்கள், அடுத்த விடுமுறை வரை தள்ளிப்போட முடியாது.