புற்றுக்கட்டியும் குருதிக் குழாயும்

உயிருள்ள உடலின் எப்பகுதியும் குருதியின்றி வாழ மாட்டாது. ஒட்சிசனும் உணவும் மயிர்க்குழாய்களின் மெல்லிய சுவரைக் கடந்தே கலங்களை அடைகின்றன. மயிர்க்குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு, மிகினும் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு அப்பாலுள்ள கலம் ஒட்சிசன் பெறாது மடியும். இவ்விதி நல்ல இழையத்துக்கு மட்டுமன்றிப் புற்றுக்கட்டிக்கும் பொருந்துவதாகும். அங்ஙனமாயின், ஒரு சில கலங்களாகத் தோன்றும் கட்டி கோழிமுட்டையளவு பருக்கும்பொழுது அதற்கு வேண்டிய குருதிக் குழாய்கள் எங்கிருந்து வருகின்றன? அவற்றை வருவிப்பது யாது? வினா எளியது, ஆயின், அதற்கு ஐயமற்ற விடை காண்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது. அவ்விடையின் வரலாறு, மருத்துவத்தின் வெற்றியை மட்டுமன்றி அவ்வெற்றியின் எல்லையையும் காட்டுவதாக அமைந்துள்ளது.

புற்றுக்கட்டிகளிற் குருதிக் குழாய்கள் செறிந்து கிடத்தலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நோயியலறிஞர் கண்டிருந்தனர். ஜேர்மனிய அறிஞர் விர்ஹோ 1860களில் இதனைக் குறித்தார். 1907 ஆம் ஆண்டில் கோல்ட்மன் என்பார், கட்டியைச் சூழ்ந்த குழாய்கள் ஒழுங்கிழந்து பெருகுதலை விரிவாக எடுத்துக் காட்டினார். எனினும், பழைய குழாய்கள் விரிவடைந்தமையால் அவ்வாறு தோன்றுகின்றது என்றும், மடிந்த கலங்களால் உண்டாகும் அழற்சியின் விளைவே அஃது என்றும் பெரும்பாலோர் கருதினர். கட்டி தானாக வளர்வது. குழாய் அதன் பின்னே தற்செயலாக வருவது. இதுவே அக்காலத்துப் பொதுக் கொள்கை.

1939 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் முயலின் காதில் ஒளிபுகும் சிறு கூடொன்றைப் பொருத்தி, அதனுட் கட்டித் துண்டை வைத்து, நாள்தோறும் நிகழ்வனவற்றை நுணுக்குக்காட்டியிற் கண்டனர். கட்டியை நோக்கிப் புதிய குழாய்கள் முளைத்து வந்தன. குழாய்களை வளர்க்கும் ஏதோவொரு பொருளைக் கட்டி வெளிவிடுகின்றது போலும் என அவர்கள் ஊகித்தனர். 1945 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த அல்ஜயர், சோக்லி என்னும் இருவர் சுண்டெலிகளில் இத்தகைய ஆய்வை நிகழ்த்தி மேலும் ஒருபடி சென்றனர். புதிய மயிர்க்குழாய்களை இடையறாது வருவிக்கும் ஆற்றலே கட்டிக் கலத்துக்கு நல்ல கலத்தின்மேல் உள்ள மேம்பாடு என்பது அவர்கள் கண்ட முடிபு. 1948 ஆம் ஆண்டில் கண்மருத்துவ அறிஞர் மைக்கல்சன், விழித்திரையிலும் குழாய்களை வளர்க்கும் பரவற்பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் எனக் கூறினார். இவ்வாறு ஊகங்கள் பல எழுந்தன. ஆயின் பொருள் எவர் கைக்கும் அகப்படவில்லை. கைக்கு அகப்படாத பொருளை விஞ்ஞான உலகம் எளிதில் நம்புவதில்லை.

இதே காலத்திற் குருதியோடு தொடர்பற்றதாகத் தோன்றிய வேறொரு துறையிலிருந்து ஒளி வந்தது. இத்தாலியின் தூரின் நகரில் மருத்துவம் கற்ற ரீற்றா லெவி மொந்தால்சினி என்னும் யூதப் பெண்மணி, 1938 ஆம் ஆண்டின் இனச் சட்டங்களாற் பல்கலைக்கழகத்தினின்றும் விலக்கப்பட்டார். அவர் தம் வீட்டுப் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கிக் கோழி முளையங்களின் நரம்புகளை ஆராய்ந்தார். போரின் பின்னர், 1947 ஆம் ஆண்டில், ஹாம்பேகர் என்னும் பேராசிரியரின் அழைப்பை ஏற்று அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரை அடைந்தார். சுண்டெலியின் புற்றுக்கட்டியைக் கோழி முளையத்தில் ஒட்டியபோது, முளையத்தின் நரம்புகள் அக்கட்டியினுள் வளர்ந்து சென்றதை ஹாம்பேகரின் மாணவர் பூக்கர் 1948 ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். மொந்தால்சினி அதனை மீண்டும் ஆராய்ந்தார். கட்டியை முளையத்தின் உடலில் ஒட்டாது, அதன் புறத்தேயுள்ள மென்சவ்வில் வைத்தபோதும் நரம்புகள் மிகுதியாக வளர்ந்தன. கட்டிக்கும் முளையத்துக்கும் இடையே பொதுவாக இருந்தது குருதியோட்டம் ஒன்றே. ஆகவே, நரம்பை வளர்த்தது கட்டியின் தொடுகையன்று. அது வெளிவிட்ட ஒரு பொருளே என்பது பெறப்பட்டது. 1952 ஆம் ஆண்டில் பிரேசிலின் றியோ டி ஜெனிரோ நகரில் நிகழ்த்திய கண்ணாடிக்கல ஆய்வு இதனை உறுதி செய்தது. கட்டித் துண்டின் அருகே வைக்கப்பட்ட நரம்புக் கணுவைச் சுற்றி ஒரே நாளில் நரம்பிழைகள் ஒளிவட்டம் போல விரிந்தன.

1953 ஆம் ஆண்டில் இவ்வாய்விற் சேர்ந்த உயிரிரசாயன அறிஞர் ஸ்ரான்லி கோகன், அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார். கட்டிச் சாற்றிலுள்ள வேறு பொருள்களைச் சிதைத்தற்பொருட்டு அவர் பாம்பு நஞ்சைக் கலந்தார். நஞ்சு கலந்த சாறு முன்னையினும் வலிமை பெற்றது! அந்நஞ்சிலேயே நரம்பு வளர்ச்சிக் காரணி நிறைந்திருந்தமை பின்னர் விளங்கிற்று. பாம்பின் நச்சுச் சுரப்பியை ஒத்தது உமிழ்நீர்ச் சுரப்பி அன்றோ எனச் சிந்தித்த கோகன், ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்து அங்கும் அக்காரணியைக் கண்டார். அச்சுரப்பியின் சாற்றைப் பெற்ற குட்டிகளின் கண்கள், வழக்கமாகத் திறக்கும் இரு வார காலத்துக்கு முன்னரே, ஏழாம் நாளளவில் திறந்தன. இவ்விளைவுக்குக் காரணமான மற்றொரு பொருளை அவர் 1962 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவே மேற்றோல் வளர்ச்சிக் காரணி எனப்படுவது. இவ்விருவருக்கும் 1986 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு கலம் மற்றொரு கலத்துக்கு ‘வளர்க’ எனப் பணிக்கும் புரதங்கள் உண்டு என்பதும், கட்டிகள் அவற்றை உண்டாக்க வல்லன என்பதும் இவ்வாறு நிலைபெற்றன.

1983 ஆம் ஆண்டில் இவ்வறிவு புற்றுநோயின் அடிப்படையைத் தொட்டது. குரங்குகளிற் புற்றுநோயை விளைக்கும் வைரசு ஒன்றின் பரம்பரையலகு உண்டாக்கும் புரதம், குருதிச் சிறுதட்டுக்களிலுள்ள வளர்ச்சிக் காரணியோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. அடுத்த ஆண்டில், வேறொரு புற்று வைரசின் புரதம் மேற்றோல் வளர்ச்சிக் காரணியை ஏற்கும் ஏற்பியின் சிதைந்த வடிவம் எனத் தெரிந்தது. உடல் ஏவாதபோதும் தன்னைத் தானே ஏவி வளரும் கலமே புற்றுக் கலம் என்பது புலனாயிற்று. ஆயினும், தன்னை ஏவும் கலத்துக்கும் உணவு வேண்டும். அவ்வுணவைக் கொணரும் குழாயை ஏவியது யாது என்ற பழைய வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜூடா போக்மன். 1960களின் தொடக்கத்தில் அவர் கடற்படைச் சேவையில் இருந்தபோது, குருதிக்குப் பதிலாகப் பயன்படத்தக்க திரவமொன்றை ஆராயும் பணி அவர்க்கும் பெக்கர் என்பவர்க்கும் அளிக்கப்பட்டது. உடலினின்றும் எடுத்த தைரொயிட்டுச் சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் அத்திரவத்தால் உயிருடன் காத்து, அதனுட் புற்றுக் கலங்களை இட்டனர். கட்டிகள் ஓரிரு மில்லிமீற்றர் பருத்து நின்றுவிட்டன. அவை இறக்கவில்லை, மீண்டும் சுண்டெலியின் உடலில் வைத்தபோது விரைந்து வளர்ந்தன. கண்ணாடிக் கலத்தில் இல்லாததும் உடலில் உள்ளதும் புதிய குருதிக் குழாயே என்பது போக்மன் கண்ட உண்மை.

1971 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பொஸ்ரன் நகரிற் சிறுவர் வைத்தியசாலையின் தலைமைச் சத்திரசிகிச்சையாளராக இருந்த அவர், இக்கருத்தை முழுமையாக வெளியிட்டார். கட்டி ஒரு பொருளை வெளிவிட்டுக் குழாய்களை வருவிக்கின்றது. அப்பொருளைத் தடுப்பின் கட்டி வளராது என்பதே அதன் சாரம். பலர் இதனை ஏற்றிலர். சத்திரசிகிச்சையாளர் ஒருவரின் கற்பனை என இகழ்ந்தோரும் உளர். அவர் காண்பது அழற்சியே என்றனர். வெட்டியெடுக்கப்பட்டு வெளிறிய கட்டியையே அறிஞர் பலர் ஆய்வுகூடத்திற் கண்டிருந்தனர். உயிருள்ள உடலில் அது குருதி சிந்துவதைச் சத்திரசிகிச்சையாளர் கண்டிருந்தார். கருத்து வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

போக்மன் சொல்லால் விடையளியாது ஆய்வால் விடையளித்தார். முயலின் கண்ணில், முன்னறைத் திரவத்தில் மிதக்கவிடப்பட்ட கட்டி சிறிதாகவே நின்றது; குருதிக் குழாய்கள் நிறைந்த கதிராளியிற் படிந்த கட்டி பெருகி வளர்ந்தது. இயல்பாகவே குழாய்கள் அற்ற விழிவெண்படலத்திற் கட்டியை வைத்தபோது, விளிம்பிலிருந்து குழாய்கள் புறப்பட்டு அதனை நோக்கி நேரே வந்தன. குழாய் இல்லாத இடத்திற் குழாய் தோன்றின், அதனைப் பழைய குழாயின் விரிவு எனக் கூற இயலாதன்றோ?

எனினும், பொருள் கைக்கு எட்ட மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1984 ஆம் ஆண்டில் போக்மனின் ஆய்வுகூடத்தினர், நாரிழையக் கலங்களை வளர்ப்பதாக முன்னரே அறியப்பட்ட ஒரு காரணி குழாய்களையும் வளர்த்தலைக் கண்டனர். அதற்கு முந்திய ஆண்டில், பொஸ்ரனின் மற்றொரு வைத்தியசாலையில் ட்வோராக், செங்கர் ஆகியோர், குழாய்ச் சுவரைக் கசியச் செய்யும் புரதமொன்றைக் கட்டிகளிற் கண்டிருந்தனர். 1989 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிற் பணியாற்றிய பெராரா, குழாய்களின் உட்பக்கத்தை மூடும் அகவணிக் கலங்களையே சிறப்பாக ஏவும் காரணியைப் பிரித்தெடுத்தார். இவ்விரண்டும் ஒன்றே எனத் தெரிந்தபோது அறிஞர் வியந்தனர். அதுவே குருதிக்குழாய் அகவணி வளர்ச்சிக் காரணி ஆகும். 1992 ஆம் ஆண்டில், ஒட்சிசன் குறையும் இடத்தில் இக்காரணி மிகுதியாகச் சுரத்தல் காட்டப்பட்டது. ஒட்சிசன் பெறாத கலம் இக்காரணியை வெளிவிடும்; அஃது அண்மையிலுள்ள மயிர்க்குழாயின் ஏற்பிகளிற் பொருந்தும்; அகவணிக் கலங்கள் தம்மைச் சூழ்ந்த சவ்வை அரித்துப் பிரிந்து பெருகிப் புதிய குழாயாக முளைக்கும். வாடும் பயிர் தானே வாய்க்காலை அழைப்பது போன்றது இது. 1993 ஆம் ஆண்டில் இக்காரணியைப் பற்றும் பிறபொருளெதிரியைப் பெற்ற சுண்டெலிகளிற் கட்டிகளின் வளர்ச்சி குன்றியது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இகழப்பட்ட கருத்து மெய்யாயிற்று.

ஆனால், 1996 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இக்காரணிக்குரிய இரு பரம்பரையலகுகளில் ஒன்றை மட்டும் இழந்த சுண்டெலி முளையங்கள் கருவிலேயே மடிந்தன. கருவை உருவாக்குவதும், புண்ணை ஆற்றுவதும், கட்டியை வளர்ப்பதும் ஒரே ஏவலே. கட்டி புதிய மொழி எதனையும் படைக்கவில்லை. உடலின் மொழியையே தன் நலத்துக்குப் பேசுகின்றது. காயம் ஆறியதும் உடல் அவ்வேவலை நிறுத்துகின்றது, கட்டி நிறுத்துவதில்லை.

இவ்வுண்மையை மறந்த நம்பிக்கை விரைவில் வாட்டமுற்றது. போக்மனின் ஆய்வுகூடம் கண்ட எண்டோஸ்ரற்றின் என்னும் தடைப்பொருள் சுண்டெலிகளின் கட்டிகளைச் சுருக்கிய செய்தியை 1998 ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க் நாளேடொன்று முதற்பக்கத்தில் வெளியிட்டது. அப்பொருளோடு தொடர்புடைய கொம்பனியின் பங்குவிலை ஒரே நாளிற் பன்மடங்காயிற்று. நோயாளர் கூட்டம் கூட்டமாக மருந்தை வேண்டினர். சுண்டெலி வேறு, மனிதன் வேறு எனப் போக்மனே எச்சரித்தார். மனிதரில் நடந்த சோதனைகள் அப்பெருநம்பிக்கையை நிறைவேற்றவில்லை.

2004 ஆம் ஆண்டிற் பெவசிசுமாப் என்னும் பிறபொருளெதிரி அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பரவிய பெருங்குடற் புற்றுநோயாளர் எண்ணூற்றுக்கு மேற்பட்டோரில் நடந்த சோதனையில், வழக்கமான மருந்துகளை மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 15.6 மாதங்களாகவும், இதனையும் சேர்த்துப் பெற்றோரின் ஆயுள் 20.3 மாதங்களாகவும் இருந்தன. மார்புப் புற்றுநோய்க்கு 2008 ஆம் ஆண்டில் வழங்கிய அங்கீகாரம், ஆயுளை நீட்டியமைக்குச் சான்று இன்மையாலும் தீய விளைவுகளாலும் 2011 ஆம் ஆண்டில் அங்கு மீளப் பெறப்பட்டது. ஒரு காரணியைத் தடுப்பின் கட்டி வேறொரு காரணியை நாடும். நல்ல குழாய்களும் அதே காரணியை வேண்டி நிற்பதால் குருதியமுக்கம் ஏறுதல், குருதி பெருகுதல் முதலிய கேடுகள் நேரும். உடலின் மொழியைக் கட்டிக்கு மட்டும் மறுத்தல் எளிதன்று.

பெருவெற்றி கிட்டியது மற்றொரு நோயிலாகும். முதுமையில் விழித்திரையின் அடியிற் புதிய குழாய்கள் முளைத்துக் கசிந்து பார்வையை அழிக்கும் நோய்க்கு, 2006 ஆம் ஆண்டில் ரனிபிசுமாப் என்னும் மருந்து அங்கீகாரம் பெற்றது. அதனைப் பெற்றோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் முன்னையினும் நன்கு பார்க்கும் நிலையை அடைந்தனர். மைக்கல்சன் 1948 ஆம் ஆண்டில் விழித்திரையில் ஊகித்த பொருளும், போக்மன் கட்டியில் தேடிய பொருளும் இவ்வாறு ஒன்றாயின.

போக்மன் 2008 ஆம் ஆண்டிலும், மொந்தால்சினி தமது 103 ஆவது வயதில் 2012 ஆம் ஆண்டிலும், கோகன் 2020 ஆம் ஆண்டிலும் காலமாயினர். படுக்கையறையிற் கோழிமுட்டையைப் பிளந்தவரும், பாம்பு நஞ்சைச் சாற்றிற் கலந்தவரும், கண்ணாடிக் கலத்திற் சுரப்பியைக் காத்தவரும் வெவ்வேறு வினாக்களுக்கே விடை தேடினர். அவ்விடைகள் ஒன்று சேர்ந்தபோது, புற்றுநோய் வெளியிலிருந்து வந்த பகையன்று, உடலின் ஒழுங்கே நெறி பிறழ்ந்த நிலை என்பது தெளிவாயிற்று. பகையாயின் அழித்தல் போதும். நெறி பிறழ்ந்த ஒழுங்காயின் அதனை முற்ற அறிந்தே திருத்தல் வேண்டும். சில மாத ஆயுளும் பலரது பார்வையும் அவ்வறிவு இதுகாறும் ஈட்டிய பயன். அவை முடிவல்ல எனினும், இகழ்ச்சிக்கு அஞ்சி இவ்வாய்வை அறிஞர் கைவிட்டிருப்பின் அவையும் கிட்டியிரா.