அட்வேர்ப் கிளோஸ் எங்கட வகுப்புக்கு வந்த கதை

வளர்ந்த ஆட்களுக்கான இங்கிலிஷ் வகுப்பு எதுக்குப் போனாலும், ரென்ஸ் முடிந்து, அக்ரிவ் பசிவ் முடிந்து, ஒரு நாள் போர்ட்டில் ஒரு அட்டவணை ஏறும். இடது பக்கத்தில் வென், பிகோஸ், இஃப், அன்லெஸ், ஓல்தோ. வலது பக்கத்தில் காலம், காரணம், நிபந்தனை என்று வகைப் பெயர்கள். பகல் முழுக்கக் கடையிலும் வார்ட்டிலும் கந்தோரிலும் நின்றுவிட்டுப் பின்னேரம் வந்து இருக்கிற ஆட்கள் அதைக் கொப்பியில் இறக்குவார்கள். பிறகு பயிற்சி. கோடு போட்ட பகுதி எந்த வகைக் கிளோஸ்? அநேகமாக எல்லாருக்கும் சரி வரும். அதே ஆட்களிடம் "நேற்று ஏன் வரேல்லை எண்டு ஒரு வசனம் எழுதுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். "ஐ டிட் நொட் கம். பிகோஸ் ஐ வோஸ் சிக்." நடுவில் ஒரு முற்றுப்புள்ளி நிற்கும். கம்பஸ் முதலாம் வருஷ வகுப்பிலும் இதே கதைதான்.

வகை சொல்லத் தெரிகிறது, வசனம் கட்ட வருதில்லை. இதைப் படிக்கிற ஆட்களின் கெட்டித்தனத்தோடு முடிச்சுப் போடுவதுதான் வழக்கம். "உங்களுக்கு பேஸிக் இல்லை" என்பார்கள். நான் அந்த அட்டவணையின் சரித்திரத்தைத் தேடிப் பார்த்தேன். அது போய் நிற்கிற இடம் ஒரு ஜெர்மன் டொக்டர்.

கார்ல் ஃபெர்டினான்ட் பெக்கர், 1775இல் பிறந்தவர். வைத்தியராக இருந்து மொழி ஆராய்ச்சிக்கு வந்தவர். மொழி ஒரு உயிருள்ள உடம்பு மாதிரி என்பது அவருடைய எண்ணம். 1827இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே அந்த எண்ணம் இருக்கிறது. வசனத்துக்குள் வருகிற சின்ன வசனத்தை, ஒரு சொல் விரிந்து வளர்ந்த வடிவமாக அவர் பார்த்தார். "நாளைக்கு வருவேன்" என்பதில் 'நாளைக்கு' இருக்கிற இடத்தில் 'மழை விட்டதும்' என்று போடலாம். ஒரு வினையடை செய்த வேலையை இப்போது ஒரு முழுத் துண்டு செய்கிறது. அப்படியென்றால் அது வினையடைக் கிளோஸ், அட்வேர்ப் கிளோஸ். பெயர்ச்சொல்லின் இடத்தில் வந்தால் நவுன் கிளோஸ், பெயரடையின் இடத்தில் வந்தால் அட்ஜெக்ரிவ் கிளோஸ். இண்டைக்கும் நாங்கள் படிக்கிற மூன்று பெட்டி இதுதான்.

இங்கிலாந்தில் அதுவரை நடந்தது சொல் சொல்லாகப் பிரித்து இலக்கணம் சொல்லுவது. லிண்ட்லி மரே 1795இல் எழுதின இலக்கணத்தைத்தான் கனகாலம் பள்ளிக்கூடங்கள் பாவித்தன. அதன் எலும்புக்கூடு லத்தீன். 1852இல் ஜே. டி. மொரெல் என்ற பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வசனப் பகுப்பு பற்றி ஒரு புத்தகம் போட்டார், பெக்கரின் முறையில். இன்ஸ்பெக்டரே எழுதின புத்தகம் என்றால் பிறகென்ன, பள்ளிக்கூடங்கள் பிடித்துக்கொள்ளும் தானே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் தொட்டிலிலிருந்தே இங்கிலிஷ் பேசினவர்கள். அவர்களுக்கு இங்கிலிஷ் வசனம் கட்டத் தெரியும். பகுப்பு வந்தது அவர்களுடைய மூளைக்கு ஒரு தர்க்கப் பயிற்சியாக, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு லத்தீன் செய்த வேலையைச் செய்வதற்காக. இங்கிலிஷ் தெரியாத ஒருவருக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிற வழியாக அதை யாரும் செய்யவில்லை.

பிறகு அது கப்பலேறியது. இந்தியாவில் வடமேற்கு மாகாணங்களின் கல்விப் பணிப்பாளராக இருந்த ஜே. சி. நெஸ்ஃபீல்ட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலக்கணப் புத்தகங்கள் எழுதினார். 1930களின் நடுவில் ரென் அண்ட் மார்ட்டின் வந்தது. அதில் அட்வேர்ப் கிளோஸ் எட்டு வகை: காலம், இடம், நோக்கம், காரணம், நிபந்தனை, விளைவு, ஒப்பீடு, 'என்றாலும்' வகை. எங்கட போர்ட்டில் ஏறுகிற அட்டவணை அநேகமாக இதிலிருந்துதான் வருகிறது. (பி. சி. ரென் பாலைவனச் சிப்பாய்களை வைத்து 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924இல் எழுதினவர். என்னோட படிக்கிற ஆட்களில் அந்த நாவலை வாசிச்ச ஒருத்தரையும் நான் இன்னும் சந்திக்கேல்லை. கிராமர் புத்தகம் மட்டும் புத்தகக் கடையில் இன்னமும் அடுக்கி இருக்குது.)

இலங்கையில் இதற்கு இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கோல்புறூக் ஆணைக்குழு 1830களின் தொடக்கத்தில் நிர்வாகத்தையும் கல்வியையும் இங்கிலிஷ் பக்கம் திருப்பியது. அரசாங்க உத்தியோகத்துக்கு அது வாசல் ஆனது. 1880இலிருந்து கேம்பிரிட்ஜ் சோதினைகள் இங்கேயும் நடந்தன. பகுப்புக் கேள்வி சோதினைக்கு என்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒருவர் எழுதின கட்டுரைக்குப் புள்ளி போடுவது கஷ்டம், வாசிக்க வேண்டும், யோசிக்க வேண்டும். 'இது எந்த வகைக் கிளோஸ்' என்பதற்கு ஒரே ஒரு விடைதான். ஆட்சி போனது, பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறியது, இது போகவில்லை. திருத்துகிற ஆளுக்கு வசதி என்பதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதைக்குள் எங்கட ஊர் ஆள் ஒருவர் இருக்கிறார். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. 1855இல் அதை மூடிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே படித்தவர்களில் ஒருவர் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. செமினரியில் அவருடைய ஆசிரியராக இருந்த விசுவநாதபிள்ளையும் அவரும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். இங்கிலிஷில் அந்தக் காலத்தில் எட்டக்கூடிய உயரம் அதுதான். அதே தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை சேனாவரையர் உரையோடு அச்சில் கொண்டு வந்தார். சொல்லதிகாரத்துக்குள் வினையியல் இருக்கிறது. வினையியலுக்குள் வினையெச்சம் இருக்கிறது. அதாவது அட்வேர்ப் கிளோஸ் செய்கிற வேலையைத் தமிழில் செய்கிற சாமானின் முழு விவரம், இங்கிலிஷை நன்றாகப் படித்த ஒரு யாழ்ப்பாணத்தவரின் கையால் 1868இலேயே அச்சேறி விட்டது.

தொல்காப்பியர் வினையெச்சத்துக்கு ஒன்பது வாய்பாடு சொல்கிறார். நன்னூலில் அது பன்னிரண்டு. 'செய்து', 'செய', 'செயின்', 'செயற்கு' என்று அவை போகும். செயின் என்றால் செய்தால். அங்கேயே இஃப் வந்துவிட்டது. செயற்கு என்றால் செய்வதற்கு, அது நோக்கம். முன், பின், இடத்து என்று முடிகிறவற்றையும் அவர் சேர்த்துக்கொள்கிறார். காலமும் இடமும் வந்துவிட்டன. ரென் அண்ட் மார்ட்டினின் எட்டுப் பெட்டியோடு இது ஒன்றுக்கொன்று பொருந்தாது, பொருந்தத் தேவையும் இல்லை. முக்கியம் அதன் பெயர். எச்சம் என்றால் முடியாமல் மிச்சம் நிற்பது. அதை முடித்து வைக்க ஒரு வினைமுற்று வரவேண்டும். 'மழை பெய்தால்' என்று சொல்லிவிட்டு யாரும் முற்றுப்புள்ளி வைக்கமாட்டார்கள். காது காத்துக்கொண்டு நிற்கும்.

அப்படியென்றால் ஏன் 'பிகோஸ் ஐ வோஸ் சிக்' என்று தனியாக எழுதுகிறோம்? இங்கேதான் உண்மையான சிக்கல். தமிழில் எச்சம் என்பது வினையின் வாலில் தெரியும். பெய்தால், பெய்தாலும், பெய்யேக்க, பெய்தபடியால். வாலைப் பார்த்தவுடன் முடியவில்லை என்று விளங்கும். இங்கிலிஷில் வினை அசையாது. 'ஐ வோஸ் சிக்' தனியாக நின்றாலும் 'ஐ வோஸ் சிக்' தான், பிகோஸுக்குப் பின்னால் வந்தாலும் அதேதான். எழுவாய் இருக்கிறது, காலம் இருக்கிறது, பார்த்தால் அசல் வினைமுற்று. முன்னால் ஒட்டுகிற ஒரு சின்னச் சொல்தான் முழு வசனத்தையும் எச்சமாக்குகிறது. வாலைப் பார்த்துப் பழகின எங்கட கண் தலையைப் பார்ப்பதில்லை.

இதற்கு மேல் வகுப்பில் ஒரு வேலை நடக்கிறது. பிகோஸ் என்றால் 'ஏனென்றால்' என்று எழுதிப் போடுகிறார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ஏன் என்றால். ஏன் என்று கேட்டால், இதோ பதில். அதற்குப் பிறகு வருவது ஒரு முழு வசனம். "நான் வரேல்லை. ஏனெண்டால் எனக்குச் சுகமில்லை." தமிழில் இதில் ஒரு பிழையும் இல்லை, இரண்டும் முற்று. அதை அப்படியே இங்கிலிஷுக்குக் கொண்டுபோனால் நடுவில் முற்றுப்புள்ளி விழாமல் என்ன செய்யும்? பிகோஸுக்குச் சரியான சோடி யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாளுக்கு நூறு தரம் சொல்கிற 'படியால்'. 'சுகமில்லாதபடியால் வரேல்லை.' ஒரு எச்சம், ஒரு முற்று, ஒரு வசனம்.

ஓல்தோவில் இது இன்னும் மோசம். ஓல்தோ என்றால் 'என்றாலும்' என்று படிப்பிக்கிறார்கள். தமிழில் 'மழை பெய்தது. என்றாலும் அவன் வந்தான்' என்று சொல்லலாம். 'என்றாலும்' இரண்டாவது வசனத்தோடு நிற்கிறது. அதைப் பார்த்து 'இட் ரெயின்ட். ஓல்தோ ஹி கேம்' என்று எழுதினால் இங்கிலிஷில் அர்த்தம் தலைகீழாகிவிடும், வந்தது தடை மாதிரியும் மழை அதை மீறினது மாதிரியும். ஓல்தோ ஒட்ட வேண்டியது மழையில். அது 'பெய்தாலும்' என்பதில் வருகிற அந்த 'ஆலும்'. 'வென் ஐ வில் கோ டு கொலம்போ' என்று வில் போட்டு எழுதுகிறதும் இதே சாதிதான். இன்னும் நடக்காத பயணம், அதனால் வில் போடுகிறோம். ஆனால் 'கொழும்புக்குப் போகேக்க வாங்கிறன்' என்று சொல்லும்போது 'போகேக்க'வில் நாங்கள் எதிர்காலம் வைப்பதில்லை. இங்கிலிஷும் அந்த இடத்தில் வைப்பதில்லை. தமிழ் காதில் இருந்திருந்தால் அதுவே காப்பாற்றியிருக்கும்.

இரண்டு இலக்கணமும் தெரிந்த ஆட்கள் இந்த மண்ணில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இருந்திருக்கிறார்கள். பிறகும் இரண்டும் ஒரே போர்ட்டில் ஏறவில்லை. பழைய இங்கிலிஷ் பள்ளிக்கூடங்களில் தமிழ் வாயில் வரக்கூடாது. 1956க்குப் பிறகு, 1960 அளவில் கலைப்பீடங்கள் தாய்மொழிக்கு மாறியபோது தமிழ் பாடங்கள் ஒரு பக்கம், இங்கிலிஷ் ஒரு பக்கம் என்று ஆனது. இங்கிலிஷ் வகுப்புக்கு அதன்பிறகு வெளிநாட்டுப் புதுமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வசன மாதிரிகளைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுவது, பிறகு இலக்கணத்தைத் தள்ளி வைத்துப் பேச்சுக்கு முதலிடம் கொடுக்கிறது.

அந்தப் புதுமுறை யாழ்ப்பாணத்தில் என்ன பாடுபட்டது என்பதற்கு நல்ல பதிவு ஒன்று இருக்கிறது. சுரேஷ் கனகராஜா 1990இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 22 முதலாம் வருஷக் கலைப்பீட மாணவர்களுக்கு இங்கிலிஷ் படிப்பித்தார். அந்த வருஷம் ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. கரண்ட் இல்லை. பாடப்புத்தகம் அமெரிக்கன் கேர்னல் லெசன்ஸ், அதில் இருந்தது அமெரிக்க வாழ்க்கை. மாணவர்கள் புத்தகத்தின் ஓரங்களில் படம் கீறினார்கள், தமிழில் எழுதினார்கள், சினிமாவும் காதலும் அரசியலும் அங்கே ஏறின. பேசிப் பழக வட்டமாகப் போட்ட கதிரைகளை அவர்களே திரும்ப வரிசையாக்கினார்கள். அவர்கள் கேட்டது கிராமர். இது 1999இல் வந்த அவருடைய புத்தகத்தில் விரிவாக இருக்கிறது.

சோதினைப் பயத்தில் கேட்டார்கள் என்று இதைச் சுலபமாகத் தள்ளலாம், அதுவும் உண்மைதான். எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. கிராமர் உங்களை அமெரிக்கனாக நடிக்கச் சொல்லாது. இருபது வயது ஆளை, ஒரு பொருளைக் கழற்றிப் பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஆளாக மதிக்கும். கேட்டது பிழையில்லை, அவர்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த கிராமர்தான் சொந்த இங்கிலிஷை வைத்திருந்த பிள்ளைகளுக்கென்று செய்தது. கனகராஜா யாழ்ப்பாண வகுப்பறைகளில் கண்ட இன்னொரு விஷயமும் இதற்குள் வரும். பாடம் இங்கிலிஷில் நடக்கும், விளக்கம் தமிழில் வரும். இங்கிலிஷ் வகுப்பில் இங்கிலிஷ்தான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே அதைச் செய்தார்கள். தமிழ் எப்போதும் வகுப்புக்குள்ளேதான் இருந்தது, பின்கதவால் வந்தபடியால் அதை யாரும் ஒழுங்காகப் பாவிக்கவில்லை.

இப்பவும் எங்கட பீடத்தில் தமிழ் படிக்கிற ஆட்கள் காலமை வினையெச்சம் படித்துவிட்டு, மத்தியானத்துக்கு முதல் அதே கொப்பியோடு அட்வேர்ப் கிளோஸுக்கு வருகினம். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு கொரிடோர்தான். நான் கொஞ்ச நாளாக இரண்டு நிறப் பேனையால் எழுதிப் பார்க்கிறேன், எச்சத்துக்கு நீலம், முற்றுக்குக் கறுப்பு. 'ஓல்தோ இட் ரெயின்ட்' நீலம். கொமா. 'ஹி கேம்' கறுப்பு. நீலம் மட்டும் இருக்கிற வரியில் முற்றுப்புள்ளி வைக்கக் கை போனால் இப்ப உடனே கண்ணில் படுகிறது.